மயான காண்டத்தில் பறை எங்கே?

தண்டலத்தைச் சுற்றியுள்ள ஊர்களுக்குள் கம்பெனி பஸ் வந்துவிட்டது. சுடுகாட்டு வழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. பாடையை அரிச்சந்திரன் கல்லின் முன் இறக்குகிறார்கள். வெட்டியான் அரிச்சந்திரன் பெயரைச் சொல்லி வழி கேட்கிறார். பக்கத்தில் பறை அதிர்கிறது.

இதே அரிச்சந்திரனை நாம் மேடையிலும் பார்த்திருக்கிறோம். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய நாடகங்களுள் 'அரிச்சந்திரா'வும் ஒன்று. அதன் மயான காண்டம் இன்றும் ஸ்பெஷல் நாடகமாகத் தனியே நடக்கிறது. வெவ்வேறு ஊர் நடிகர்கள் ஒத்திகையின்றி அன்றிரவுதான் ஒன்று சேர்வார்கள். அவர்களை இணைப்பது மேடையோரம் இருக்கும் ஆர்மோனியம். ஆர்மோனியக்காரர் சுருதி பிடித்துக் கூடவே பாடுவார். மிருதங்கம், டோலக், ஆல்ரவுண்ட் துணை நிற்கும்.

இறந்த மகன் லோகிதாசனைச் சந்திரமதி தூக்கி வருகிறாள். மயானம் காக்கும் அரிச்சந்திரன், எஜமான் வீரபாகுவுக்குச் சேர வேண்டிய கால் பணமும் முழத்துண்டும் கேட்கிறான். அவனுக்குக் கூலி வாய்க்கரிசிதான். அவள் புலம்பப் புலம்ப, கூட்டம் கண் கலங்குகிறது.

அந்தக் கண்ணீர் யாருக்காக? அரசன் பிணம் எரித்தால் அது சத்தியம், தியாகம். தலைமுறை தலைமுறையாக அதே வேலையைச் செய்தவருக்குத் தீட்டு. சிறுவயதில் காந்தி அரிச்சந்திர நாடகம் பார்த்து மனம் உருகியதாக எழுதியிருக்கிறார். உருகியவர்கள் ஏராளம். வீரபாகுவைப் பற்றி யோசித்தவர்கள் எத்தனை பேர்?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். காட்சி சுடுகாடு; ஆனால் வழக்கமான பக்கவாத்திய வரிசையில் பறைக்கு இடமில்லை. சாவுக்கு வேண்டும், சபைக்கு வேண்டாம் என்பது என்ன நியாயம்? சாவு வீட்டில் அடிக்க மாட்டோம் என்று பறையைக் கீழே வைத்தவர்களும் நம்மவர்கள்தான். விடுதலைக் கலையாகக் கையில் எடுத்தவர்களும் நம்மவர்கள்தான். இரண்டும் மானத்துக்கான போராட்டமே.

மயான காண்டத்தை எழுதிய சுவாமிகளின் சமாதி, புதுச்சேரி கருவடிக்குப்பம் மயானத்தில்தான் இருக்கிறது. அங்கே கலைஞர்கள் கூடி வணங்குகிறார்கள்.

நம் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கல்லூரி விழாவில் மயான காண்டம் போடுங்கள். வீரபாகுவைக் கேலிப்பொருளாக்காதீர்கள். ஆர்மோனியத்துக்குப் பக்கத்திலேயே பறையையும் வையுங்கள். இரண்டு கலைஞர்களுக்கும் ஒரே மேடை, ஒரே மைக், ஒரே சம்பளம் கொடுங்கள்.