உங்களுக்குத் தெரியுமா? எபோலாவைத் தடுத்த குப்பைப் பை

2014-இல் லைபீரியாவில் ஒரு நர்சிங் மாணவி, எபோலா தாக்கிய அப்பா, அம்மா, சகோதரி, உறவினர் ஒருவர் என நால்வரையும் வீட்டிலேயே கவனித்தார். அவருடைய பாதுகாப்பு உடை, குப்பைப் பைகள்! நோய் அவரைத் தொடவில்லை.

• காலுறை மேல் ஒரு பை. அதன்மேல் ரப்பர் பூட்ஸ். பூட்ஸ் மேல் இன்னொரு பை. தலைமுடிக்கும் பைதான். பிறகு மழைக்கோட்டு, நான்கு ஜோடி கையுறை, முகக்கவசம். இத்தனையும் ஒரு நாளில் பலமுறை!

• மூவர் பிழைத்தார்கள். அந்த உறவினரை மட்டும் காப்பாற்ற முடியவில்லை.

• பாதுகாப்பு உடையை மாட்டும்போதைவிடக் கழற்றும்போதுதான் ஆபத்து அதிகம். உடையின் வெளிப்பக்கக் கிருமி கைக்கு, கையிலிருந்து கண்ணுக்குப் போய்விடும். அதனால் எபோலா வார்டுகளில் நர்ஸ் உடையைக் கழற்றும்போது, ஒவ்வொரு படியையும் இன்னொருவர் நின்று கண்காணிப்பார்.

• அந்த எபோலாக் கொள்ளைநோயின்போது தொற்றுக்கு ஆளான சுகாதாரப் பணியாளர்களில் பாதிக்கு மேல் செவிலியரும் அவர்களின் உதவியாளர்களும்தான்.