எங்கிருந்து வருகிறது சோறு? – 6: காபிக்கு மட்டும் விலக்கு

சென்ற வாரம் வான்கூவர் ஜோடியை உருளைக்கிழங்கோடு விட்டுவிட்டு வந்தோம். வீட்டைச் சுற்றி 100 மைலுக்குள் விளைந்ததை மட்டுமே ஓராண்டு சாப்பிடுவது என்று 2005 மார்ச்சில் சபதம் எடுத்த அலிசா ஸ்மித்தும் ஜே.பி. மெக்கின்னனும் மாதக்கணக்கில் கோதுமையைக் கண்ணால் பார்க்கவில்லை. டர்னிப் கிழங்கை வில்லையாக நறுக்கி, ரொட்டிக்குப் பதில் அதை வைத்து சாண்ட்விச் செய்தார்கள். இந்த மாதிரி முயற்சிகளில் காய்கறியால் யாரும் தோற்பதில்லை. தானியம், எண்ணெய், உப்பு, இனிப்பு என்று வரும்போதுதான் மூச்சு முட்டுகிறது.

அதே 2005-ல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் இன்னொரு வீட்டிலும் இதே வேலை ஆரம்பமானது. நாவலாசிரியர் பார்பரா கிங்சால்வர், கணவர் ஸ்டீவன் ஹாப், மகள்கள் கமீல், லில்லி. அரிசோனாவின் டூசான் நகரில் குடியிருந்தவர்கள். அது பாலைவன ஊர். கொலராடோ ஆற்றுத் தண்ணீரே நூற்றுக்கணக்கான மைல் கால்வாயில் பயணம் செய்து அங்கே வந்து சேர வேண்டும். அதை விட்டுவிட்டு அப்பலாச்சிய மலைப்பகுதியில் இருந்த சொந்தப் பண்ணைக்குக் குடிபெயர்ந்தார்கள்.

இவர்கள் கொஞ்சம் விவரமானவர்கள். சபதம் எடுக்கும்போதே ஆளுக்கு ஒரு பொருளுக்கு விலக்கு வைத்துக்கொண்டார்கள். ஸ்டீவனுக்குக் காபி, கமீலுக்கு உலர்பழம், ஒன்பது வயது லில்லிக்குச் சூடான சாக்லேட் பானம், அம்மாவுக்கு மசாலா சாமான்கள். இது போங்காட்டம் என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மலபார் மிளகுக்காகக் கடல் தாண்டி வந்தவர்களின் வம்சம் ஒரே ஆண்டில் அதை மறந்துவிடுமா என்ன?

தொடக்கமே தோட்டத்தில் அஸ்பாரகஸ் குருத்து தலைகாட்டும் நாளைப் பார்த்துத்தான் குறிக்கப்பட்டது. நம் தண்ணீர்விட்டான் கிழங்குக்குப் பங்காளிச் செடி அது. அங்கே வசந்தத்தில் முதலில் முளைப்பது. பழத்துக்கு ஏங்கியவர்களுக்கு உழவர் சந்தையில் புளிப்பான ரூபார்ப் தண்டுதான் கிடைத்தது. பழம் கனிய இன்னும் காத்திருக்க வேண்டும். கோடையில் தலைகீழ். தக்காளி குவிந்து, அடுப்பிலிருந்து அண்டா இறங்காமல், பாட்டில் பாட்டிலாக அடைத்து மூடினார்கள். குளிர்காலம் பயந்த அளவுக்குப் படுத்தவில்லை. அலமாரியும் ஃப்ரீசரும் நிறைந்திருந்தன.

லில்லி கதை தனி. அவளுக்குக் குதிரை வாங்க ஆசை. கோழி வளர்த்து, முட்டையும் கறியும் விற்றுப் பணம் சேர்ப்பதாகத் திட்டம். ஆனால் பேர் வைத்து வளர்த்த கோழியை அறுப்பதா? முடியாது என்றாள். குதிரைக் காசில் ஒரு பங்கை அவளே சேர்க்க வேண்டும் என்று அம்மா சொன்னதும் யோசித்தாள். சில சேவல்கள் பொல்லாதவையாக இருக்கும், அவற்றை வேண்டுமானால் கறிக்கு விடலாம் என்று முடிவுக்கு வந்தாள்.

உணவு பயணிக்கும் தூரம் குறைந்தால் பூமிக்கு நல்லது என்பது இப்படி உள்ளூர் உணவை வலியுறுத்தும் இயக்கத்தின் முக்கிய வாதம். 2008-ல் கார்னெகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெபரும் மேத்யூஸும் கணக்குப் போட்டார்கள். அமெரிக்கக் குடும்பத்தின் உணவால் வரும் பசுங்குடில் வாயுவில், விளைவித்தவரிடமிருந்து கடைக்குக் கொண்டுபோகும் போக்குவரத்தின் பங்கு 4 சதவீதம். உற்பத்தியின் பங்கு 83. வாரத்தில் ஒரு நாளுக்கும் குறைவாக சிவப்பு இறைச்சியையும் பால் பொருள்களையும் விட்டுக் கோழிக்கோ காய்கறிக்கோ மாறினாலே, எல்லாவற்றையும் உள்ளூரில் வாங்குவதைவிடப் பலன் அதிகமாம். ஆகவே மைல் கணக்கை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எனக்கு முக்கியம், காசு யார் கைக்குப் போகிறது என்பது.

கிங்சால்வர் குடும்பம் குடியேறிய மலைப்பகுதி காலங்காலமாகப் புகையிலை விளைந்த பூமி. புகையிலைக்கு அரசு தந்த ஒதுக்கீட்டுப் பாதுகாப்பு 2004-ல் சட்டத்தால் முடிவுக்கு வந்தது. அக்கம்பக்கத்துப் புகையிலை விவசாயிகள் சிலர் அப்பலாச்சியன் ஹார்வெஸ்ட் என்ற அமைப்பின் கீழ் இயற்கை வழிக் காய்கறிக்கு மாறியிருந்தார்கள். இந்த ஓராண்டைப் பற்றிக் கிங்சால்வர் எழுதிய புத்தகத்தில் என்னைக் கலங்கடித்த இடம் இவர்களுடைய தக்காளிதான். பழுத்து, தரம் பிரித்து, பெட்டியில் அடுக்கிய நேரத்தில், கலிபோர்னியாவிலிருந்து இயற்கைத் தக்காளி கொஞ்சம் மலிவாக வந்து இறங்கியது. வாங்கிக்கொள்வதாக இருந்த சூப்பர்மார்க்கெட்டுகள் கையை விரித்துவிட்டன. நாலு பேர் கொண்ட ஒரு வீடு எத்தனை பாட்டில் அடைத்தாலும் தீராத சரக்கு அது.

சூப்பர்மார்க்கெட் கொள்முதல் எப்படி நடக்கிறது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)