இசை கேட்பதற்காக இயங்குதளத்தைச் சுருக்குதல்

கணினியில் இசைக் கோப்புகள் தடங்கலின்றி ஒலிப்பதற்காக, இயங்குதளத்தில் உள்ள தேவையற்ற சேவைகளையும் மென்பொருள்களையும் நீக்குவது அல்லது நிறுத்தி வைப்பது இயங்குதளச் சுருக்கம் எனப்படும். கணினியை நல்ல ஒலிபெருக்கிகளுடன் இணைத்துப் பாட்டுக் கேட்கும் ஆர்வலர்களிடையே இப்பழக்கம் பரவலாக உள்ளது. ஒலி விட்டுவிட்டுக் கேட்பது, இடையில் 'டிக்' என்ற ஓசை எழுவது போன்ற குறைகளை இது நீக்கக்கூடும். ஆனால் கோப்பில் இல்லாத தரத்தை இதனால் உண்டாக்க முடியாது. கணினியில் இசை எவ்வாறு ஒலிக்கிறது என்பதை அறிந்தால் இவ்வேறுபாடு விளங்கும்.

கணினியில் இசை ஒலிக்கும் முறை

குறுந்தகட்டுத் தரத்தில், ஒவ்வொரு நொடி இசையும் ஓர் அலைவரிசைக்கு 44,100 மாதிரிகளாகப் பதிவு செய்யப்படுகிறது. ஒரு மாதிரியின் அளவு 16 பிட். இடம், வலம் என இரண்டு அலைவரிசைகளுக்கும் சேர்த்து நொடிக்கு 1,76,400 பைட்டுகள் ஆகும். இன்றைய கணினிக்கு இது மிகச் சிறிய வேலை. சிக்கல் வேலையின் அளவில் இல்லை. அதை உரிய நேரத்தில் முடிப்பதில்தான் இருக்கிறது.

எண்களை மின்னலைகளாக மாற்றும் டிஏசி என்னும் கருவி, மாதிரிகளைச் சீரான வேகத்தில் எடுத்துக்கொண்டே இருக்கும். இயங்குதளமோ தன் நேரத்தைப் பல வேலைகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறது. ஆகவே இசை மென்பொருள், மாதிரிகளை முன்கூட்டியே பஃபர் எனப்படும் தற்காலிக நினைவகத்தில் நிரப்பி வைக்கிறது. வீட்டின் மேல்நிலைத் தொட்டியைப் போன்றது இது. மோட்டார் அவ்வப்போதுதான் ஓடுகிறது. ஆனாலும் தொட்டி காலியாகாத வரை குழாயில் தண்ணீர் சீராக வரும். 512 மாதிரிகள் கொள்ளும் பஃபர் சுமார் 11.6 மில்லிநொடிகளில் காலியாகிவிடும். அதற்குள் அடுத்த தொகுதி வந்து சேராவிட்டால் ஒலி அறுபடும்.

தடங்கலுக்கான காரணங்கள்

கணினியின் மொத்தச் சுமை குறைவாக இருக்கும்போதும் ஒலி அறுபடலாம். வைஃபை, வரைகலை அட்டை முதலிய வன்பொருள்கள் இயங்குதளத்தின் கவனத்தைக் கோரும்போது, அவற்றின் டிரைவர்கள் மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு முன்னே வருகின்றன. ஒரு டிரைவர் சில மில்லிநொடிகள் கூடுதலாக நேரம் எடுத்துக்கொண்டால், அதுவரை இசை மென்பொருள் காத்திருக்க வேண்டும். மின்சக்தியைச் சேமிக்கக் கணினி தன் வேகத்தைக் குறைப்பதும் இத்தகைய தாமதத்தைத் தரலாம். விண்டோஸில் எந்த டிரைவர் தாமதம் செய்கிறது என்பதைக் கண்டறிய லேட்டன்சிமான் என்ற மென்பொருள் உதவுகிறது.

இயங்குதளத்தின் ஒலிக் கலவைப் பகுதியையும் கவனிக்க வேண்டும். பல மென்பொருள்களின் ஒலிகளை ஒன்றாகக் கலப்பதற்காக, இது எல்லாவற்றையும் ஒரே மாதிரி வீதத்துக்கு மாற்றுகிறது. அந்த வீதம் 48,000 என அமைந்திருந்தால், 44,100 வீதத்தில் உள்ள பாடல் புதிதாகக் கணக்கிடப்படும். அதாவது இங்கே தரவு உண்மையாகவே மாறுகிறது. மாற்றம் நன்றாகச் செய்யப்பட்டால் காதுக்குப் பெரும்பாலும் தெரியாது என்றாலும், கோப்பில் உள்ளபடியே கேட்க விரும்புவோர் இப்பகுதியைத் தவிர்க்கின்றனர்.

விண்டோஸில் செய்யப்படுவன

ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997இல் வெளியிட்ட ஏசியோ என்ற முறை, இயங்குதளத்தின் கலவைப் பகுதியைத் தவிர்த்து ஒலியட்டையுடன் நேரடியாகப் பேச வழி செய்தது. 2007இல் வெளியான விண்டோஸ் விஸ்டாவில் வாசாபி என்ற இடைமுகம் வந்தது. அதன் தனியுரிமை முறையில் ஒரே ஒரு மென்பொருள் ஒலிக் கருவியை முழுமையாகத் தன் வசம் வைத்துக்கொள்ளலாம். பல இசை மென்பொருள்களில் இதை ஓர் அமைப்பின் மூலம் தேர்ந்தெடுக்க முடியும்; எதையும் நீக்கத் தேவையில்லை.

இதற்கு மேல், பாட்டுக் கேட்கும் நேரத்தில் வைஃபையை அணைத்தல், கோப்புத் தேடலுக்கான அட்டவணையாக்கத்தையும் மேகச் சேமிப்பு ஒத்திசைவையும் நிறுத்துதல், மின்சக்தி அமைப்பை உயர் செயல்திறனுக்கு மாற்றுதல் ஆகியவை வழக்கம். சில ஆர்வலர்கள், திரை அலங்காரங்கள் இல்லாத விண்டோஸ் சர்வர் பதிப்பையே இசைக்காக நிறுவிக்கொள்கின்றனர்.

லினக்ஸில் செய்யப்படுவன

லினக்ஸில் கெர்னலும் திரைச்சூழலும் தனித்தனியானவை என்பதால், சுருக்குவது எளிது. 2003இல் வெளியான 2.6 கெர்னல் முதல் ஆல்சா என்ற ஒலி அமைப்பு அதன் பகுதியாக உள்ளது. இடையில் கலவை மென்பொருள் எதுவும் இல்லாமல், ஆல்சா வழியாக நேரடியாக டிஏசிக்குத் தரவை அனுப்பலாம். எம்பிடி என்ற இசை வழங்கி, திரையே இல்லாத கணினியிலும் ஓடும். கைப்பேசியிலிருந்து அதை இயக்கலாம்.

2012இல் வந்த ராஸ்பெரி பை என்னும் சிறு கணினிக்காக வோலுமியோ, மூட், பைகோர்பிளேயர் போன்ற இசைக்கென்றே உருவான பதிப்புகள் உள்ளன. இவற்றுள் பைகோர்பிளேயர், டைனி கோர் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. தொடங்கியதும் முழுவதும் நினைவகத்தில் ஏறிவிடும்.

நிகழ்நேரக் கெர்னலுக்கான பிரீஎம்ட்-ஆர்டி மாற்றங்கள், நீண்ட காலம் தனியாக இருந்துவிட்டு 2024இல் 6.12 கெர்னலில் இணைந்தன. இவை ஒலிப்பதிவுக் கூடங்களுக்கே அதிகம் பயன்படும். விசைப்பலகை வாசிப்பவருக்குச் சில மில்லிநொடிகளுக்குள் ஒலி கேட்க வேண்டும். பாட்டுக் கேட்பவருக்கோ, இயக்கியபின் அரை நொடி கழித்துத் தொடங்கினாலும் குறையில்லை. எனவே கேட்பவருக்கு மிக எளிய தீர்வு பஃபரைப் பெரிதாக்குவதுதான். தொட்டி பெரிதாக இருந்தால் மோட்டார் சற்றுத் தாமதமாக ஓடினாலும் குழாய் வற்றாது.

ஒலித் தரம் கூடுமா?

தடங்கல் இல்லாமல், தரவும் மாறாமல் டிஏசியை அடைகிறது என்றால், பின்னணியில் பத்துச் சேவைகள் ஓடினாலும் நூறு சேவைகள் ஓடினாலும் எண்கள் அவையேதான். மாதிரிகளுக்கு இடையிலான நேரப் பிசகைப் பற்றியும் சிலர் கவலைப்படுவதுண்டு. ஒத்தியங்கா யூஎஸ்பி முறையில் இயங்கும் டிஏசி, தன்னுள் இருக்கும் கடிகாரத்தைக் கொண்டே மாதிரிகளை வெளியிடுகிறது. பஃபர் வற்றாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே கணினியின் பொறுப்பு.

கணினியின் மின்னிரைச்சல் ஒலிச் சுற்றில் கலப்பது உண்மையான சிக்கலே. சுட்டியை நகர்த்தும்போது காதொலிப்பானில் மெல்லிய இரைச்சல் கேட்பது இதற்கு எடுத்துக்காட்டு. ஆனால் இது வன்பொருளைச் சார்ந்தது. நன்கு வடிவமைக்கப்பட்ட வெளி டிஏசியே இதற்கு ஏற்ற தீர்வு.

மாற்றம் காதுக்குத் தெரிகிறதா என்பதைச் சோதிக்க ஏபிஎக்ஸ் என்ற முறை உள்ளது. எது ஒலிக்கிறது என்று அறியாமல், ஒரே ஒலியளவில், பத்து முறை கேட்டு அடையாளம் சொல்ல வேண்டும். வெறும் ஊகத்தால் ஒன்பது அல்லது அதற்கு மேல் சரியாகச் சொல்லும் வாய்ப்பு சுமார் 1 விழுக்காடுதான்.

கவனிக்க வேண்டியவை

சேவைகள் ஒன்றையொன்று சார்ந்தவை. பெயர் தெரியாத ஒன்றை நிறுத்தினால் இணையமோ அச்சுப்பொறியோ செயலிழக்கலாம். சில வேளைகளில் கணினி தொடங்காமலே போகலாம். இணையத்தில் இருக்கும் கணினியில் பாதுகாப்பு மென்பொருளையும் இற்றைப்படுத்தல்களையும் நிறுத்துவது ஆபத்தானது. படிப்புக்கும் இசைக்கும் ஒரே கணினியை வைத்திருப்பவர்கள், தனி நினைவக அட்டையிலோ யூஎஸ்பி சேமிப்பிலோ இசைக்கான லினக்ஸை நிறுவி, தேவைப்படும்போது அதிலிருந்து கணினியைத் தொடங்குவது நல்லது.

முதலில் பஃபரைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். பின்னர் டிரைவர்களைப் புதுப்பித்து, தனியுரிமை முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதன் பிறகும் ஒலி அறுபட்டால், முக்கியக் கோப்புகளைப் படியெடுத்து வைத்துவிட்டு, சேவைகளை ஒவ்வொன்றாக நிறுத்திச் சோதிக்கலாம். எதை நிறுத்தினோம் என்பதைக் குறித்து வைத்தால், தேவைப்படும்போது பழைய நிலைக்குத் திரும்ப முடியும்.