முத்துச் சிப்பியும் மூளையைப் பார்க்கும் லென்சும்

தூத்துக்குடிப் பக்கத்துப் பழைய வீடுகளில் பாட்டியின் நகைப் பெட்டியில் ஒன்றிரண்டு முத்தாவது இருக்கும். 1961-ஓடு இங்கே முத்துக்குளிப்பு நின்றுவிட்டது; அதற்கு முந்தைய சொத்து அது. உங்கள் வீட்டில் இருந்தால் எடுத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். உள்ளேயிருந்து ஒளி கசிகிற மாதிரி இருக்கும்.

அதில் சாயம் ஒன்றும் கிடையாது. முத்து பெரும்பாலும் வெறும் சுண்ணாம்புதான். அந்தச் சுண்ணாம்பை அரை மைக்ரான் கனமுள்ள தகடுகளாக அடுக்கி வைத்திருக்கிறது சிப்பி. நம் தலைமுடியின் பருமனுக்குள் இப்படி நூறு தகடுகளுக்கு மேல் அடங்கும். ஒவ்வொரு தகட்டிலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலப்பதால்தான் அந்த நிறஜாலம். நம் சர் சி.வி. ராமன் 1930-களிலேயே சிப்பிகளின் இந்த மினுமினுப்பை ஆராய்ந்திருக்கிறார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், போன மாதம் வலிப்பு நோய் உள்ள பையனோடு ஒரு தாய் வந்திருந்தார். "அய்யா, மூளைக்குள்ள லென்சு வச்சுப் பாக்காங்களாமே, எம் பிள்ளைக்கும் அப்படிப் பாக்க முடியுமா?" என்று கேட்டார்.

நல்ல கேள்விதான். மூளை செல் ஒன்று வேலை செய்யும்போது வெளியே இருக்கும் சுண்ணாம்புச் சத்து சட்டென்று உள்ளே பாயும். சும்மா இருக்கும்போது செல்லுக்கு வெளியே அது உள்ளே இருப்பதைப் போல் சுமார் பத்தாயிரம் மடங்கு! நம் மீனவர்கள் சொறி என்கிறார்களே, அந்த ஜெல்லி மீனின் ஒளிரும் புரதத்தை மாற்றியமைத்து, மரபணு வழியாக எலியின் மூளைக்குள் ஏற்றுகிறார்கள். சுண்ணாம்பு பாயும் இடமெல்லாம் பச்சையாக மின்னும். வலிப்பு வந்தால் ஏராளமான செல்கள் சேர்ந்தாற்போல் மின்னுவதைக் காணலாம்.

இதைப் பார்க்க, ஓடியாடும் எலியின் தலையிலேயே மைக்ராஸ்கோப்பை வைக்க வேண்டும். எலியின் எடையோ இருபது, முப்பது கிராம்தான். 2011-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் இரண்டு கிராமுக்கும் குறைவான ஒன்றைச் செய்தார்கள். ஆனால் மூளை பால் மாதிரி, ஒளியைச் சிதறடித்துவிடும். ஆழத்தில் பார்க்க ஊசி போன்ற கண்ணாடி லென்சை உள்ளே செருக வேண்டியிருக்கிறது. போகிற வழியில் செல்கள் சேதமாகாமல் இருக்குமா?

அதனால்தான் லென்சை இன்னும் மெலிதாக்கப் பார்க்கிறார்கள். வளைந்த கண்ணாடிக்குப் பதில் தட்டைக் கண்ணாடி. அதன்மேல் ஒரு மைக்ரானுக்கும் குறைந்த உயரத்தில் கோடிக்கணக்கான குட்டித் தூண்கள். அவை ஒளியை இடத்துக்கு இடம் வெவ்வேறு அளவு தாமதப்படுத்தி ஒரே புள்ளியில் குவிக்கும். கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு இத்தகைய நல்ல லென்சை ஹார்வர்டில் கபாஸோ குழுவினர் 2016-ல் செய்து காட்டினர். சிப்பி சுண்ணாம்பில் செய்ததை இவர்கள் டைட்டானியம் ஆக்சைடில் செய்கிறார்கள் என்பேன்; முறை வேறு, சூட்சுமம் ஒன்று.

"இது இன்னும் எலியோடுதாம்மா நிக்குது. உங்க பையனுக்கு இ.இ.ஜி.யும் ஸ்கேனும்தான்" என்றேன். அந்த அம்மா விடவில்லை. "அப்ப முத்துப் பற்பம் குடுத்தா மூளைக்குச் சுண்ணாம்பு கூடுமா? இங்கிலீஷ் மாத்திரையை நிப்பாட்டிரலாமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாப்பிடும் சுண்ணாம்பு வேறு, செல்லின் வாசலைத் திறந்து மூடும் கணக்கு வேறு. முத்துப் பற்பம் நானும் கொடுப்பவன்தான். வலிப்பு மாத்திரைக்குப் பதிலாக அல்ல. திடீரென்று மாத்திரையை நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பையனின் மாத்திரைச் சீட்டை வாங்கிப் பார்த்தேன். இரண்டு நாள் மாத்திரை ஏற்கெனவே விட்டுப் போயிருந்தது. அன்றைக்கே நரம்பியல் டாக்டரிடம் அனுப்பி வைத்தேன்.