பிக்கப் வண்டியின் இழுவைக் கொளுக்கியும் பார எல்லையும்

வெலிமடை, பண்டாரவளைப் பகுதிகளின் உருளைக்கிழங்கும் மரக்கறியும், மகியங்கனைப் பக்கத்து நெல்லும் வீதி வழியாகவே சந்தையை அடைகின்றன. ஒரே பயணத்தில் கூடுதலாகக் கொண்டுசெல்லப் பிக்கப் வண்டியின் பின்னே இழுவைப்பெட்டி பூட்டும் கமக்காரர் பலர். வண்டி இழுக்கிறது, ஆகவே பாரம் தகும் என்று எண்ணுதல் பெருந்தவறாகும். இழுக்கும் வலிமை வேறு. நிறுத்தும் வலிமை வேறு.

எல்லை எது?

தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வரும் கொளுக்கிக்கு ஒரு பார எல்லை உண்டு. அது கொளுக்கித் தகட்டிலோ வண்டியின் கைந்நூலிலோ குறிக்கப்பட்டிருக்கும். சட்டத்தோடு பிணைத்த கொளுக்கி கூடிய பாரம் தாங்கும். பின் பம்பரில் மட்டும் பொருத்தியது குறைவாகவே தாங்கும். கொளுக்கி, குண்டு, பெட்டியின் பூட்டு, வண்டி ஆகியவற்றுள் எதன் எல்லை மிகக் குறைந்ததோ, அதுவே எல்லாவற்றுக்கும் எல்லை. பெரிய குண்டை மாட்டுவதாலோ வில்தகடுகளைக் கூட்டுவதாலோ அவ்வெல்லை உயராது.

கணக்கிடும் முறை

பிரேக் இல்லாத பெட்டிக்குப் பல பிக்கப் வண்டிகளில் 750 கிலோகிராமே எல்லை. இதில் பெட்டியின் சொந்த நிறையும் அடங்கும். வெறும் பெட்டி 300 கிலோகிராம் எனின், மீதி 450 கிலோகிராம். அதாவது 50 கிலோகிராம் மூடைகள் ஒன்பது மட்டுமே. பத்தாவது மூடை எல்லையைக் கடந்ததாகும்.

பிரேக் உள்ள பெட்டிக்கு எல்லை கூடும். எனினும் வண்டியும் பெட்டியும் சேர்ந்த மொத்த நிறைக்கும் ஓர் அளவு உண்டு. அது 5,000 கிலோகிராம் எனவும், ஆட்களும் சுமையும் ஏறிய பிக்கப் 2,900 கிலோகிராம் எனவும் கொள்வோம். அப்போது பெட்டிக்கு எஞ்சுவது 2,100 கிலோகிராமே. கொளுக்கித் தகட்டில் 3,000 என்று பொறித்திருப்பினும் அதுவே முடிவு.

ஏற்றமும் இறக்கமும்

1924ஆம் ஆண்டு பதுளையை எட்டிய மலைநாட்டுப் புகையிரதப் பாதையின் கடும் ஏற்றம் 44 அடிக்கு ஓர் அடியாகும். மலைவீதிகளிலோ பத்தடிக்கு ஓர் அடி ஏறும் இடங்கள் உண்டு. அங்கே 1,000 கிலோகிராம் பெட்டி ஏறும்போது ஏறத்தாழ 100 கிலோகிராம் விசையோடு வண்டியைப் பின்னிழுக்கும். இறங்கும்போது அதே விசையோடு முன்தள்ளும்.

பெரகலையிலிருந்து கொஸ்லந்தை வழியாக வெல்லவாயவுக்கு இறங்குவது போன்ற நீண்ட இறக்கத்தில் பிரேக்கை ஓயாது மிதித்தால் அது சூடேறி வலுவிழக்கும். இறக்கம் தொடங்குமுன்பே தாழ்ந்த கியருக்கு மாற்றுதல் வேண்டும்.

பாரம் அடுக்குதல்

பெட்டியின் மொத்த நிறையில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு கொளுக்கியின் மேல் அழுந்துதல் நன்று. அந்த அழுத்தமும் கொளுக்கிக்குக் குறித்த எல்லைக்குள் அடங்க வேண்டும். வண்டியின் சொந்தச் சுமைக் கணக்கிலும் அது சேரும். பாரம் பின்புறம் மிகுந்தால் கொளுக்கி மேலெழும்பும். பெட்டி இருபுறமும் ஆடி வண்டியையே புரட்டவும் கூடும். ஆகவே கனத்த மூடைகளைச் சில்லுகளுக்குச் சற்று முன்னே, தாழ அடுக்குக. ஈரச் சாணமும் ஈர மணலும் தோற்றத்தினும் மிகக் கனமானவை. அவற்றைக் கண்மதிப்பால் ஏற்றலாகாது.

புறப்படுமுன் கவனிக்க வேண்டியவை

1. வெறும் பெட்டியை ஒருமுறை நிறுத்து, அந்நிறையை அதன் பக்கத்திலேயே எழுதி வைக்க.

2. குண்டின் அளவும் பூட்டின் அளவும் ஒன்றாயிருத்தல் வேண்டும். பூட்டின் ஊசி, காப்புச் சங்கிலி, ஆணிகள், டயர்க் காற்று, பின்விளக்கு ஆகியவற்றைப் பார்க்க.

3. கொளுக்கியில் வெடிப்போ துருவோ காணின் ஒட்டுப்போட்டு ஓட்டாது மாற்றுக.

4. சுமையின்மேல் தொழிலாளரையோ பிள்ளைகளையோ ஏற்றாதிருக்க.

எஞ்சிய மூடைகளுக்காக இன்னொரு நடை போவதால் ஆகும் செலவு சிறு எரிபொருளே. கொளுக்கி அறுந்தால் அப்போகத்தின் விளைச்சலோடு, பின்னே வருவோரின் உயிரும் போகக்கூடும்.