கப்பலுக்கு எழுந்து நிற்கும் பாலம்

எங்கள் உம்மம்மா சிறுமியாக இருந்தபோது இந்தியாவுக்குப் போய் வந்த கதையைச் சொல்லுவார். யாழ்ப்பாணத்தில் கோச்சி ஏறி, மதவாச்சியில் மாறி, தலைமன்னார் இறங்குதுறையில் கப்பல் பிடிக்க வேண்டும். கடலில் சுமார் 30 கிலோமீற்றர் தூரந்தான். அக்கரையில் தனுஷ்கோடி, அங்கே சென்னைக்குப் போகும் புகையிரதம் காத்து நிற்கும். அந்தப் புகையிரதம் இராமேஸ்வரத் தீவை விட்டு இந்தியப் பெருநிலத்துக்குப் போகக் கடந்த பாலமே பாம்பன் பாலம்.

1911இல் வேலை தொடங்கி 1914 பெப்ரவரி 24ஆம் திகதி திறக்கப்பட்ட இதன் நீளம் இரண்டு கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். 145 சிறு கண்கள் கொண்டது. ஆனால் பாக்குநீரிணைக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் இடையில் தோணிகளும் சிறு கப்பல்களும் போய்வரும் கால்வாய் இந்த இடத்திலேதான் இருக்கிறது. பாலம் அதை அடைத்துவிட்டால் அவை இலங்கையையே சுற்றிவர வேண்டும். (பெரிய கப்பல்கள் இன்றும் சுற்றித்தான் வருகின்றன, கால்வாயின் ஆழம் போதாது.) ஆகவே கால்வாய்க்கு மேலே உள்ள கண்ணை மட்டும் திறக்கக்கூடியதாக அமைத்தார்கள்.

வில்லியம் ஷெர்சர் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் கண்ட முறை அது. எங்கள் தோட்டக் கிணற்றுத் துலாவை நினைத்துக்கொள்ளுங்கள். பின்முனையில் பாரம் இருந்தால் முன்முனை இலகுவாக எழும். பாம்பனிலும் இரண்டு இரும்புக் கைகள் நடுவில் சந்திக்கும். ஒவ்வொன்றின் பின்னாலும் எதிர்ப்பாரம். துலாவுக்கு ஓர் அச்சு உண்டு, இதற்கு அப்படியில்லை. கையின் அடி வளைந்திருப்பதால், ஆடும் கதிரை பின்னால் சாய்வதுபோல் அது உருண்டு பின்வாங்கிக்கொண்டே நிமிரும். எனவே கப்பலுக்கு அகலமான வழி கிடைக்கும். இவ்வளவு பாரத்தையும் தொழிலாளர்கள் பற்சக்கரங்களைக் கையால் சுழற்றியே தூக்கினார்கள் என்பதுதான் என்னால் இன்னும் நம்ப முடியாதது.

1964 டிசெம்பர் 22ஆம் திகதி இரவு வட இலங்கையைத் தாக்கிய அதே சூறாவளி பாம்பனையும் தாக்கியது. பாலத்தில் இருந்து புகையிரதம் விழுந்ததாகப் பலர் சொல்வர். அது சரியல்ல. பாம்பனில் இருந்து புறப்பட்ட வண்டி தனுஷ்கோடியை நெருங்கிய வேளையில் கடலலை அதை அள்ளிச் சென்றது. அதில் இருந்த நூற்றுக்கு மேற்பட்டோரில் ஒருவரும் தப்பவில்லை. தனுஷ்கோடி என்ற ஊரே அழிந்தது. பாலத்தின் 126 கண்களின் இரும்பு உத்தரங்கள் கடலுக்குள் போயின. திறக்கும் பகுதி மட்டும் நின்று பிடித்தது.

திருத்த வேலை இ. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியியலாளரிடம் வந்தது. பிற்காலத்தில் டெல்லி மெட்ரோவை அமைத்தவர் இவர்தான். ஆறு மாதம் பிடிக்கும் என்று மதிப்பிட்ட வேலையை, கடலடியில் கிடந்த உத்தரங்களையே தேடி எடுத்துப் பொருத்தி, 46 நாட்களில் முடித்தார்.

1988இல் பக்கத்தில் வீதிப்பாலம் திறக்கப்படும்வரை தீவுக்குத் தரைவழி வேறில்லை. பிறகும் புகையிரதங்கள் ஓடின. உப்புக்காற்று இரும்பை அரித்துக்கொண்டே இருந்ததால், 2022 டிசெம்பரில் அதன்மேல் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரல் 6ஆம் திகதி அருகிலேயே புதிய பாலம் திறக்கப்பட்டது. அதன் நடுப்பகுதி 72.5 மீற்றர் நீளம். இரண்டாகப் பிரியாமல், மின்தூக்கிபோல அப்படியே 17 மீற்றர் உயரத்துக்கு எழும். சக்கரம் சுற்ற ஆட்கள் வேண்டாம், மின்சாரம் போதும்.

இக்கரையிலும் போரில் அழிந்த தலைமன்னார்ப் பாதையைத் திருத்தி, 2015இல் இறங்குதுறைவரை புகையிரதத்தைக் கொண்டுவந்துவிட்டார்கள். கப்பல் மட்டும் 1980களில் நின்றது நின்றதுதான். இன்று கப்பலில் இந்தியா போக விரும்புவோர் காங்கேசன்துறைக்குப் போய் நாகபட்டினத்துக்குத்தான் ஏற வேண்டும். உம்மம்மாவிடம் அதைச் சொன்னேன். "அப்ப பாம்பன் பாலத்தைப் பார்க்கேலாதே" என்றார்.