எச்சிலைக் கொடுத்தால் பூர்வீக ஊர் தெரியுமா?

இணையத்தில் பணம் கட்டினால் சில நாள்களில் ஒரு சிறு பெட்டி வீட்டுக்கு வந்து சேர்கிறது. உள்ளே ஒரு பிளாஸ்டிக் குழாய். அரை மணி நேரம் எதையும் உண்ணாமல், குடிக்காமல் இருந்து, குழாயில் போட்டிருக்கும் கோடுவரை எச்சிலை நிரப்பி, மூடி, அஞ்சலில் திருப்பி அனுப்ப வேண்டும். சில வாரங்கள் கழித்து முடிவு கணினித் திரைக்கு வருகிறது. மூதாதையர் எந்த வட்டாரத்தைச் சேர்ந்தவர்கள், உலகில் யார் யார் தூரத்து உறவினர்கள், எந்தெந்த நோய்க்கு வாய்ப்பு அதிகம் என்று பக்கம் பக்கமாக விவரம் இருக்கும்.

இதுதான் இன்று வீட்டிலிருந்தே செய்துகொள்ளும் டிஎன்ஏ சோதனை. அமெரிக்காவின் 23அண்ட்மி நிறுவனம் 2007ஆம் ஆண்டு இதை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது விலை 999 அமெரிக்க டாலர். பிறகு விலை நூறு டாலரையொட்டி இறங்கியது. அதன் போட்டியாளரான ஆன்செஸ்ட்ரி நிறுவனத்திடம் மட்டும் 2 கோடிக்கும் அதிகமானோரின் மரபணு விவரம் சேர்ந்திருக்கிறது. தாத்தா எந்த ஊரிலிருந்து கப்பல் ஏறினார் என்பது தெரியாத தோட்டப்புறக் குடும்பங்களுக்கு இந்தப் பெட்டி பெரிய ஆசையைக் கிளப்பிவிடுகிறது. அந்த ஆசை எந்த அளவுக்கு நிறைவேறும் என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

மனித உடலின் ஏறக்குறைய ஒவ்வோர் உயிரணுவிலும் இருக்கும் மரபுத் தகவலை ஒரு நூலாக எண்ணிக்கொள்ளலாம். அந்த நூலில் சுமார் 300 கோடி எழுத்துகள். தாயிடமிருந்து ஒரு படி, தந்தையிடமிருந்து ஒரு படி. உலகில் எந்த இரண்டு பேரை எடுத்தாலும் ஆயிரத்துக்கு ஓர் எழுத்து அளவில்தான் வேறுபாடு. எச்சில் சோதனை இந்த நூல் முழுவதையும் படிப்பதில்லை. மனிதருக்கு மனிதர் மாறுபடும் என்று முன்பே தெரிந்த 6, 7 இலட்சம் இடங்களை மட்டும் தொட்டுப் பார்க்கிறது. ஏறத்தாழ 4,300 முதல் 5,000 எழுத்துக்கு ஓர் எழுத்து என்ற கணக்கு. மற்ற எழுத்துகள் படிக்கப்படாமலே இருக்கின்றன. இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்னால் வரும் குழப்பங்களில் பாதி தீர்ந்துவிடும்.

ஒப்பிட ஆள் வேண்டும்

மரபணுவில் ஊர்ப் பெயர் எழுதியிருப்பதில்லை. தஞ்சாவூர் என்றோ சேலம் என்றோ எந்த எழுத்தும் கிடையாது. நிறுவனம் செய்வது ஒப்பீடு. இன்ன பகுதியைச் சேர்ந்தவர்கள் என்று உறுதியாகத் தெரிந்த சிலருடைய மரபணுக்களை முன்பே சேர்த்து வைத்திருக்கிறார்கள். புதிதாக வரும் எச்சில் அவர்களில் யாரோடு அதிகம் ஒத்துப்போகிறது என்று கணினி கணக்கிட்டு விழுக்காடு போடுகிறது. ஆக, விடை அந்தப் பேழைக்குள் முன்பே யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

ஐரோப்பியர் அதில் நிறைய இருக்கிறார்கள். ஆகவே அயர்லாந்தின் ஒரு மூலையைக்கூடச் சுட்டிக் காட்ட முடிகிறது. தமிழரின் நிலை அப்படியன்று. உலகின் 26 மக்கள் குழுக்களிலிருந்து 2,504 பேரின் மரபணுக்களைப் படித்து 2015ஆம் ஆண்டு நிறைவடைந்த ஆயிரம் மரபணுத் தொகுதித் திட்டம் எல்லாரும் பயன்படுத்தக்கூடிய பொதுச் சேமிப்பு. அதில் தமிழர் என்ற பெயரில் இடம்பெற்றவர்கள், பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர் சுமார் 100 பேர்தான். சிங்கப்பூரில் 4,810 பேரின் மரபணுக்களைப் படித்து 2019ஆம் ஆண்டு வெளியான ஆய்வில் இந்தியர் 1,127 பேர் இருந்தனர். இந்த வட்டாரத்துக்கு அது பெரிய முன்னேற்றம். ஆனாலும் மாவட்டம் மாவட்டமாகப் பிரித்துச் சொல்ல இதெல்லாம் போதாது. "தென்னிந்தியா, இலங்கை" என்று ஒரே வண்ணத்தில் வரைபடத்தை நிரப்பி நிறுவனம் நிறுத்திக்கொள்வதற்குக் காரணம் இதுவே. ஒரே எச்சிலுக்கு இரண்டு நிறுவனங்கள் இருவேறு விழுக்காடு தருவதும், அதே நிறுவனமே அடுத்த ஆண்டு எண்ணை மாற்றுவதும் மோசடி அல்ல. ஒப்பிடும் ஆள்கள் மாறினால் விடையும் மாறும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஐதராபாத்தின் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த லால்ஜி சிங், தங்கராஜ் ஆகியோர் ஹார்வர்டு அறிஞர் டேவிட் ரைக்குடன் சேர்ந்து 2009ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, இந்தியரில் ஏறக்குறைய எல்லாக் குழுக்களும் இரண்டு பழைய மக்கள் தொகுதிகளின் கலப்பு என்று காட்டியது. வடக்கில் ஒன்றின் பங்கு கூடுதல், தெற்கில் மற்றதன் பங்கு கூடுதல். அந்தக் கலப்பு பெரும்பாலும் இன்றைக்கு 1,900 முதல் 4,200 ஆண்டுகளுக்கு முன்பு நிகழ்ந்தது என்று 2013இல் வந்த தொடர் ஆய்வு கணித்தது. "கலப்பில்லாத தமிழன்" என்ற சான்றிதழை எதிர்பார்த்து எச்சில் அனுப்புகிறவருக்கு ஏமாற்றம் உறுதி. அப்படி ஒருவர் வடக்கிலும் இல்லை, தெற்கிலும் இல்லை.

மதுரைக் காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பன் பங்குபெற்ற ஆய்வில், மதுரை வட்டாரத்தில் எம்130 என்ற மிகப் பழைய மரபணு அடையாளம் கண்டறியப்பட்டதைப் பலர் படித்திருக்கலாம். ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக ஆஸ்திரேலியா வரை நடந்து சென்ற ஆதி மக்களோடு தொடர்புடைய அடையாளம் அது. செய்தி உண்மை. ஆனால் இந்த அடையாளம் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் இறங்கும் ஒற்றைக் கோடு. பத்துத் தலைமுறை பின்னால் போனால் ஒருவருக்கு 1,024 முன்னோர் இடங்கள் இருக்கும். தந்தை வழிக் கோடு அவர்களில் ஒருவரை மட்டுமே காட்டும். தாயிடமிருந்து பிள்ளைகளுக்கு இறங்கும் இன்னொரு கோடு வேறொருவரைக் காட்டும். மீதி 1,022 இடங்களைப் பற்றி இந்த இரண்டு கோடுகளும் வாய் திறப்பதில்லை.

ஊரைத்தான் தேட வேண்டும் என்றால் வீட்டுப் பெட்டியைத் திறப்பதே முதல் வேலை. பழைய கடப்பிதழ், குடியுரிமை விண்ணப்பத்தின் படி, ஊருக்குப் பணம் அனுப்பிய ரசீது, மஞ்சள் தடவிய திருமண அழைப்பிதழ் ஆகியவற்றில் ஊர்ப் பெயர் இருக்கக்கூடும். குலதெய்வத்தின் பெயரும் கோயிலும் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருந்தால் அது இன்னும் நல்ல தடயம். எந்த ஆய்வுக்கூடமும் தராத நுணுக்கத்தை ஒரு பாட்டி ஒரு வரியில் சொல்லிவிடக்கூடும்.

உறவினர் பட்டியல்

ஊரைவிட உறவைச் சொல்வதில் இந்தச் சோதனைக்குத் திறமை அதிகம். உடன்பிறந்தவர்களுக்குள் மரபணு ஏறத்தாழ 50 விழுக்காடு பொது. மாமன் மக்கள், அத்தை மக்கள், சித்தப்பா, பெரியம்மா பிள்ளைகளுடன் சுமார் 12.5 விழுக்காடு. தற்செயலாக வேறு உறவினரும் அதே நிறுவனத்தில் சோதனை செய்திருந்தால், கணினி இருவரையும் இணைத்துக் காட்டும்.

இங்கேயும் தமிழர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மாமன் மகளை மணந்தவரின் பிள்ளைக்குப் பாட்டன், பாட்டிகளின் பெற்றோர் எட்டுப் பேர் அல்ல, ஆறு பேர்தான். ஒரே முன்னோரின் மரபணு இரண்டு வழியில் வந்து சேர்வதால் பொதுப் பங்கு கூடிவிடுகிறது. பல தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயே மணம் முடித்த குடும்பங்களில், நான்கு தலைமுறை தள்ளி இருப்பவரைக் கணினி நெருங்கிய பங்காளி போல் காட்டிவிடும். ஐரோப்பியக் குடும்பங்களை வைத்துப் போட்ட கணக்குக்கு முறைப்பெண் வழக்கம் தெரியாது.

உடன்பிறந்தோர், பெற்றோர் விஷயத்தில் அப்படிப் பிழை வருவது அரிது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. மலாயாவில் வறுமைக் காலத்திலும் போர்க் காலத்திலும் சீனக் குடும்பங்கள் பெண் குழந்தைகளைத் தமிழர் வீடுகளுக்குத் தத்துக் கொடுத்தது பலரும் அறிந்த வரலாறு. அக்குழந்தைகள் தமிழ்ப் பெயரோடு, தமிழ் பேசி, தமிழர் வீட்டு மருமகள்களாகி, இன்று பேரன் பேத்தி எடுத்திருக்கிறார்கள். சில வீடுகளில் அது வெளிப்படையான செய்தி. சில வீடுகளில் பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லப்படாத செய்தி. பேரன் விளையாட்டாக அனுப்பும் எச்சில், "கிழக்காசியா 25 விழுக்காடு" என்று திரும்பி வந்தால், அதுவரை ஒரு மூதாட்டி காத்து வைத்ததைக் கைப்பேசியின் திரை சொல்லிவிடுகிறது. தான் தத்துப்பிள்ளை என்று அவருக்கே தெரியாமலும் இருக்கலாம். அவர் எந்தப் படிவத்திலும் கையெழுத்திடவில்லை. உண்மை தெரியக்கூடாது என்பதல்ல வாதம். முடிவு வந்த பிறகு கேட்பதைவிட, எச்சில் அனுப்பும் முன் பாட்டியிடமும் அம்மாவிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது மரியாதை.

ஒருவர் கொடுப்பது அவருடைய தகவல் மட்டும் அல்ல என்பதற்கு வெளியுலகிலும் சான்றுகள் உண்டு. கலிஃபோர்னியாவில் பல ஆண்டுகள் பிடிபடாதிருந்த தொடர் கொலைகாரன் 2018 ஏப்ரலில் கைதானான். அவன் எந்த நிறுவனத்துக்கும் எச்சில் அனுப்பியதில்லை. தூரத்து உறவினர் சிலர் பொதுத் தளத்தில் ஏற்றிய மரபணு விவரமே காவல்துறைக்கு வழிகாட்டியது. அது நல்லதற்கே. 2023இல் நடந்தது வேறு கதை. 23அண்ட்மி நிறுவனத்தில் சுமார் 14,000 பேரின் கணக்குகளுக்குள், வேறு தளங்களிலிருந்து திருடப்பட்ட கடவுச்சொற்களைக் கொண்டு சிலர் புகுந்தார்கள். உறவினர் பட்டியல் வழியாக 69 இலட்சம் பேரின் விவரம் வெளியேறியது. 2025 மார்ச்சில் அதே நிறுவனம் நொடித்துப்போய் நீதிமன்றப் பாதுகாப்புக் கேட்டது. அதன் நிறுவனர்களில் ஒருவர் தலைமையிலான இலாப நோக்கற்ற அமைப்பு அதை வாங்கிக்கொண்டது. எச்சில் கொடுத்த நாளில் இருந்த உரிமையாளர்தான் கடைசிவரை இருப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பரிசோதனை முடிந்ததும் மாதிரியை அழிக்கச் சொல்லும் வசதியும், கணக்கை நீக்கும் வசதியும் இருக்கின்றனவா என்று பணம் கட்டும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

"ஒன்றும் இல்லை" என்ற முடிவு

நோய் பற்றிய பகுதியில், கெட்ட செய்தியைவிட நல்ல செய்தியிடம் அதிக எச்சரிக்கை தேவை.

நடிகை ஏஞ்சலினா ஜோலி 2013ஆம் ஆண்டு மார்பகங்களை அறுவை செய்து அகற்றிக்கொண்டதாக அறிவித்தபோது, பிஆர்சிஏ1 என்ற மரபணுவின் பெயர் உலகெங்கும் பரவியது. அதில் கேடான மாற்றம் இருந்தால் மார்பகப் புற்றுநோய்க்கும் சூலகப் புற்றுநோய்க்கும் வாய்ப்பு பல மடங்கு கூடும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018இல் 23அண்ட்மி சோதனைக்கு அனுமதி கொடுத்தபோது, பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 இரண்டிலும் சேர்த்து அது பார்த்த மாற்றங்கள் மூன்றே மூன்று. மூன்றும் கிழக்கு ஐரோப்பிய யூதர்களிடம் அதிகம் காணப்படுபவை. 2023இல் மேலும் 41 சேர்க்கப்பட்டன. இந்த மரபணுக்களில் அறியப்பட்ட கேடான மாற்றங்களோ ஆயிரக்கணக்கில் உள்ளன. ஈப்போவிலோ தேக்காவிலோ உள்ள ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு "மாற்றம் எதுவும் இல்லை" என்று முடிவு வந்தால், "நாங்கள் பார்த்த இடங்களில் இல்லை" என்பதே அதன் பொருள். அதை நம்பி அவர் மார்பகப் பரிசோதனையைத் தள்ளிப்போட்டால், பெட்டியின் விலையைவிடப் பெரிய விலை கொடுக்க நேரும்.

மறுபக்கமும் உண்டு. நிறுவனம் தரும் மூலத் தரவை வேறு தளங்களில் ஏற்றிப் பார்த்து அஞ்சியவர்களின் மாதிரிகளை ஓர் அமெரிக்க ஆய்வுக்கூடம் மறுபடி சோதித்தது. அவற்றில் சொல்லப்பட்ட மாற்றங்களில் 40 விழுக்காடு உண்மையில் இல்லை என்று 2018இல் அது வெளியிட்டது. ஆகவே மருத்துவமனை வழியாக மறுசோதனை செய்து உறுதியாகும்வரை, எச்சில் முடிவை வைத்து மருந்தை நிறுத்துவதோ அறுவை சிகிச்சைக்கு நாள் குறிப்பதோ கூடாது.

இதயத்துக்கும் இதே கதைதான். தெற்காசியரில் 100 பேரில் சுமார் 4 பேரிடம் எம்ஒய்பிபிசி3 என்ற மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பதையும், அது இதயத் தசை நோயோடு தொடர்புடையது என்பதையும் 2009இல் மதுரை ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு எடுத்துக்காட்டியது. அதைச் சுமப்போர் எல்லாருக்கும் ஆபத்து ஒரே அளவு அல்ல என்று பின் வந்த ஆய்வுகள் தெளிவுபடுத்தின. இப்படிப்பட்டவை நம்மவரை ஆராய்ந்தால்தான் வெளிவரும். நீரிழிவுக்கோ நூற்றுக்கணக்கான சிறு மாற்றங்கள் காரணம். அவற்றைக் கூட்டிப் போடும் மதிப்பெண்கள் பெரும்பாலும் ஐரோப்பியரை வைத்து உருவானவை. இடுப்புச் சுற்றளவும் இரத்தச் சர்க்கரையும் இன்றைக்கும் அவற்றைவிட நம்பகமாகப் பேசும்.

பயனுள்ள மரபணு சோதனை அருகிலேயே இருக்கிறது என்பதையும் மறக்கக்கூடாது. மலேசியாவில் 2016 முதல் நான்காம் படிவ மாணவர்களுக்குத் தலசீமியா பரிசோதனை நடக்கிறது. அது இரத்தச் சோதனையில் தொடங்குகிறது. பெற்றோர் இருவரும் அந்நோயைச் சுமப்பவர்களாக இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து என்பதால், திருமணத்துக்கு முன்பே தெரிந்துகொள்வது உதவுகிறது. சிங்கப்பூரில் குடும்ப வழியில் வரும் அதிகக் கொழுப்புக்கான மரபணு சோதனைத் திட்டம் 2025 ஜூன் இறுதியில் தொடங்கியது. இரண்டிலும் முடிவைப் படித்துச் சொல்ல ஆள் உண்டு. அங்கே காப்புறுதி நிறுவனங்கள் மரபணு சோதனை முடிவுகளைப் பயன்படுத்துவதற்கு 2021 முதல் கட்டுப்பாடும் உண்டு. பெரிய தொகைக் காப்புறுதிகளுக்குச் சில விலக்குகள் இருக்கின்றன. காப்புறுதி எடுக்க நினைப்பவர் எச்சில் அனுப்பும் முன்பே இந்த விதிகளைக் கேட்டறிவது நல்லது.

மருத்துவர் முதலில் கேட்பது குடும்ப நோய் வரலாற்றைத்தான். மூன்று தலைமுறையில் யாருக்கு என்ன நோய், எந்த வயதில் வந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகலாம். 50 வயதுக்குள் வந்த மாரடைப்பையும் மார்பகப் புற்றையும் தனியே குறிக்க வேண்டும். தத்தெடுக்கப்பட்டவருக்கு அந்தத் தாள் எழுத வழியில்லை. அவர் அதை மருத்துவரிடம் தெரிவித்தால், மருத்துவமனைச் சோதனை தேவையா என்று முடிவு செய்ய உதவும். மற்றவர்கள் எழுதும்போது பெரும்பாலும் விட்டுவிடுவது தந்தை வழிப் பெண்களை. பிஆர்சிஏ மாற்றம் தந்தை வழியாகவும் மகளுக்கு வரும் என்பதால், அத்தைமாருக்கும் அப்பாவைப் பெற்ற பாட்டிக்கும் வந்த நோய்களையும் அந்தத் தாளில் சேர்க்க வேண்டும்.